கோழி சோர்ந்து நின்றால் முதல் நாளில் என்ன செய்வது?

பினாங்கில் கொல்லைக் கோழி வளர்ப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாலிக் புலாவ் கம்பத்தில் மட்டுமில்லை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால் பக்கம் தாமான் வீடுகளின் ஓரத்திலும் ஒரு வலைக்கூண்டு கண்ணில் படும். அதில் ஒரு கோழி இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றால் பலரும் முதலில் ஓடுவது தீவனக் கடைக்குத்தான். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, தண்ணீரில் கலக்கச் சொல்வார். என்ன நோய் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தப் பொட்டலத்தை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. தனியாகப் பிரியுங்கள்

பூனைக்கூண்டு போதும், பெரிய அட்டைப்பெட்டியும் போதும். அடியில் வெள்ளைத் தாளோ பழைய நாளிதழோ விரியுங்கள். மணலோ மரத்தூளோ போட்டால் எச்சத்தின் நிறம் தெரியாது. அந்த நிறம்தான் நாளைக்கு உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லப் போகிறது. நல்ல கோழிகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகே நோய்க்கோழியிடம் போங்கள். அதற்கென்று ஒரு ஜோடி சிலிப்பர் தனியாக இருக்கட்டும். வெளியே வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. சூடா, குளிரா என்று பாருங்கள்

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகள் பலவும் முதல் வேலையாக வெப்ப விளக்கைப் போடச் சொல்லும். நம் ஊர் மத்தியான வெயிலில் அப்படிச் செய்தால் கோழி செத்துவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கும். அதன் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டி இருக்கும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை. நிழலுக்கு மாற்றுங்கள், குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், அதன் கால்களை மட்டும் நனைத்துவிடுங்கள். மழை இரவில் உப்பி ஒடுங்கி நின்றால் குளிர்கிறது என்று அர்த்தம். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்ன குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். சூடு போதும் என்று தோன்றினால் விலகி நிற்க மறுபக்கத்தில் இடம் இருக்க வேண்டும்.

3. தண்ணீர்

சாப்பிடாவிட்டாலும் ஒரு நாள் தாக்குப் பிடிக்கும், குடிக்காவிட்டால் சிரமம். சேராமா மாதிரி அரைக் கிலோ கூட இல்லாத கோழிகள் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும். பார்மசியில் வயிற்றுப்போக்குக்கு விற்கும் உப்புச்சர்க்கரைப் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து ஒரு நாளைக்கு வைக்கலாம். அதைத் தொடாத கோழிக்குச் சாதாரணத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

வாயைப் பிளந்து ஊற்ற வேண்டாம். கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், அதுவே நக்கி விழுங்கும். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டித் தொண்டையில் திணிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பாட்டி சொன்னதாக இருந்தாலும் சரி, தண்ணீரே விழுங்காத கோழிக்கு அது வேண்டாம்.

4. கொண்டையிலிருந்து கால்வரை

ஒரு துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் வையுங்கள். அவசரப்பட வேண்டாம்.

கொண்டை வெளிறியிருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. பேன், செள்ளுப் பூச்சி, குடற்புழு மூன்றையும் சந்தேகப்படுங்கள். செள்ளில் ஒரு வகை பகலில் கோழி மேல் இருக்காது, உட்காரும் கட்டையின் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரியில் ஏறும். அதனால் டார்ச் எடுத்துக்கொண்டு இருட்டின பிறகு கட்டையைப் பாருங்கள். கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் நிலைமை மோசம்.

கொண்டையிலும் முகத்திலும் கறுத்த பொருக்கு இருந்தால் பெரும்பாலும் அம்மை. கொசு பரப்புகிற நோய். இதற்கு மருந்து கிடையாது, பொருக்கு சில வாரங்களில் தானாக உதிரும். மஞ்சளையும் வேப்பிலையையும் தேங்காயெண்ணெயில் குழைத்து, கண்ணில் படாமல் தடவுவதில் தப்பில்லை. பொருக்கைப் பிய்க்க மட்டும் வேண்டாம். வாய்க்குள்ளும் தொண்டையிலும் படலம் கட்டியிருந்தால் மூச்சு அடைக்கும், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கழுத்தடியில் இருக்கும் தீவனப்பையைக் காலையில் தீவனம் வைப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்கச் செரித்துக் காலியாக இருக்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் நீளப் புல்லோ பிளாஸ்டிக் கயிறோ சிக்கியிருக்கலாம். தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பதாகச் சிலர் வீடியோ போடுகிறார்கள். மூச்சுக்குழலைப் பற்றி மேலே சொன்னதே இதற்கும் காரணம், செய்யாதீர்கள்.

நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் தடவுங்கள். சதை வற்றி எலும்பு கத்தி முனையாக நீட்டிக்கொண்டிருந்தால் நோய் இன்று வந்ததில்லை, பல நாளாகவே கோழி அதை மறைத்து வந்திருக்கிறது. இளைத்தது வெளியே தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தும், அதனால்தான் அது மறைக்கும்.

வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி நின்று முக்கிக்கொண்டே இருக்கும் பெட்டைக்கு முட்டை சிக்கியிருக்கலாம். மணிக்கட்டுக்கு இதமான வெந்நீரில் வயிற்றுப் பகுதி மூழ்கும்படி 15 முதல் 20 நிமிடம் உட்கார வைத்து, நன்றாகத் துடைத்து, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றைப் பிசையவே கூடாது, முட்டை உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கடினம். அன்றைக்கே முட்டை வராவிட்டால் மருத்துவர்தான்.

உள்ளங்காலில் கறுத்த வடு இருந்து, அதைச் சுற்றி வீங்கியிருந்தால் காலில் சீழ் வைத்திருக்கிறது.

5. தாளில் என்ன விழுந்திருக்கிறது?

பழுப்பு நிறம், மேலே வெள்ளைத் தொப்பி: இயல்பு. நடுநடுவே சாக்லெட் நிறத்தில் ஒட்டிக்கொண்டு நாறும் எச்சமும் இயல்பே, இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுவார்கள். ரத்தம் கலந்திருந்தால், அதிலும் மழைக்காலத்தில் ஈரத் தரையில் வளரும் இளங்கோழி என்றால், ரத்தக் கழிச்சலாக இருக்க அதிக வாய்ப்பு. இதற்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்து உண்டு, லேபிள் அளவில் தண்ணீரில் கலக்க வேண்டும். கடைக்குப் போவதற்கு அர்த்தம் இருக்கிற இடம் இது. பச்சை எச்சம் வெறும் பட்டினியாலும் வரும், கீழே சொல்லப் போகிற நோயாலும் வரும்.

6. வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய இடம்

கழுத்து திருகுகிறது, கால் இழுத்துக்கொள்கிறது, பச்சையாகக் கழிகிறது, மூச்சுத் திணறுகிறது, ஒன்றுக்கு மேல் சாகிறது: இவை கம்பத்தில் சம்பார் என்று சொல்லும் ராணிக்கெட்டின் அடையாளங்கள். இது வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் இதற்குப் பயன்படாது. பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மலேசியாவில் 2004இல் கிளந்தானிலும், 2007இல் சுங்கை பூலோவிலும், 2017இல் மறுபடி கிளந்தானிலும் வந்திருக்கிறது. அதனால் மாவட்டக் கால்நடைத் துறைக்கு, அதாவது ஜபாத்தான் வெட்டரினாருக்குப் போன் செய்யுங்கள். அறுத்துக் குழம்பு வைப்பது, மிச்சக் கோழியை விற்றுத் தள்ளுவது, சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது மூன்றுமே நோயைப் பரப்பும் வேலை.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. 1980களில் செர்டாங்கில் இருக்கும் அன்றைய பெர்தானியான் (விவசாய) பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் ஒரு மருந்தைக் கம்பத்துக் கோழிகளுக்காகவே உருவாக்கின. ஊசிகூட வேண்டாம், தீவனத்தில் கலந்தே கொடுக்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். இப்போது எந்த மருந்து கிடைக்கிறது என்று கால்நடைத் துறையில் கேட்டு, நன்றாக இருக்கும் கோழிகளுக்குப் போடுங்கள். நோய்க்கோழிக்கு வேண்டாம்.

7. தேறிய பிறகு

நேரே கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தி விரட்டும். இரண்டு மூன்று நாள் கூண்டோடு அவற்றின் பார்வையில் வையுங்கள், அப்புறம் இருட்டினதும் கட்டையில் ஏற்றிவிடுங்கள். மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது என்று லேபிளில் இருக்கும். அதுவரை வரும் முட்டையெல்லாம் குப்பைக்குத்தான் போக வேண்டும். வீணாகிறதே என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.