வெங்காய வேர் நுனியில் செல் பகுப்பைப் பார்ப்பது எப்படி?

ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிரியும்வரையான செல் சுழற்சி என்றதும் பாடநூலில் இருக்கும் வட்டப்படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்தை மனப்பாடம் செய்வதைவிட ஒரு வெங்காயத்தை வேர்விட வைத்துப் பார்த்துவிடுவது எளிது. அமிலமும் சாயமும் வருகிற வேலைகளை மட்டும் ஆய்வகத்தில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது செய்யுங்கள்.

படி 1: வேர்விட வைத்தல்

வெங்காயத்தின் காய்ந்த வேர்களைச் சீவிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு கண்ணாடிப் புட்டியின் வாயில் உட்கார வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பாதி வரை மூழ்கவிட்டால் அழுகிவிடும். என் முதல் வெங்காயம் அப்படித்தான் குப்பைக்குப் போனது. இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும்.

படி 2: நிலைநிறுத்தல்

காலை 8 முதல் 10 மணிக்குள் வேர்களை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த கரைசலில் 24 மணி நேரம் ஊற வையுங்கள். செல்கள் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் நின்றுவிடும்.

படி 3: சாயமேற்றல்

வாட்ச் கிளாஸில் வேரை வைத்து, அசிட்டோகார்மைன் சாயம் சில துளிகளும், 1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளியும் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இளஞ்சூடு காட்டுங்கள். கொதிக்க விடாதீர்கள். அடர்ந்த சிவப்பேறிய நுனி 2 மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடலாம். அதற்கு மேலே உள்ள செல்கள் பிரிவதை விட்டுவிட்டு நீளத் தொடங்கியிருக்கும்.

படி 4: நசுக்குதல்

எல்லாம் கெடுவது இங்கேதான். நுனியை ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டுங்கள். பிறகு மேலே தாளை மடித்து வைத்துக் கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் இம்மியளவு நகர்ந்தாலும் செல்கள் நூல்போலத் திரிந்துவிடும். சரியாக வந்தால் இளஞ்சிவப்பாக ஒரே அடுக்காகப் பரவும்.

படி 5: பார்த்தல்

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் சதுரமான செல்களைத் தேடுங்கள். பெரும்பாலானவற்றில் உருண்டை உட்கரு மட்டுமே தெரியும். ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று ஸ்லைடை நகர்த்திவிடாதீர்கள். அவை இடைநிலையில் இருப்பவை. செல் தன் நேரத்தில் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறது. ஜி1 கட்டத்தில் பிரியலாமா என்று முடிவெடுக்கிறது, எஸ் கட்டத்தில் டிஎன்ஏவை இரட்டிப்பாக்குகிறது, ஜி2வில் அந்த வேலை பழுதில்லாமல் முடிந்ததா என்று பார்க்கிறது. பழுதிருந்தால் சரிசெய்யும்வரை காத்திருக்கும்.

அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது சிடிகே எனும் நொதி. சைக்ளின் என்ற புரதம் வந்து ஒட்டினால்தான் அது வேலை செய்யும். சைக்ளின் அளவு ஏறுவதும் சட்டென்று அழிவதுமாக இருப்பதை டிம் ஹண்ட் 1982இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டார். 2001இல் லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகிய அறிவியலாளர்களுடன் நோபல் பரிசையும் பெற்றார்.

இனி மெட்டாபேஸ் செல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். டிஎன்ஏ சுருண்டு தடித்த குரோமோசோம்கள் நடுவே வரிசைகட்டி நிற்கும். ஒரே ஒரு குரோமோசோம் தன்னை இழுத்துச் செல்லும் கதிர்கோல் இழையைப் பற்றாமல் இருந்தாலும் மற்றவை பிரியாமல் காத்திருக்க வேண்டும். கடைசி ஒன்றும் பற்றியவுடன் சைக்ளின் சிதைக்கப்படும், ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒட்டியிருந்த இரு பிரதிகள் விடுபட்டு இரு துருவங்களுக்கும் ஓடும். அதுதான் அனாபேஸ். சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் ஸ்லைடில் அரிதாகவே சிக்கும்.

படி 6: எண்ணுதல்

200 செல்களை எண்ணி, பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை என்று குறியுங்கள். 16 இருந்தால் 8 சதவீதம். எந்த நிலையில் அதிகச் செல்கள் இருக்கின்றனவோ, அந்த நிலைதான் நீண்ட நேரம் எடுப்பது.

வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். சாதாரண ஸ்லைடில் அவற்றை எண்ணுவது பெரும்பாடு. அதனால் கல்லூரி ஆய்வகங்களில் வேரை முன்னதாகக் கால்சிசினில் ஊற வைப்பார்கள். நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் கொடிய நஞ்சு அது. வீட்டில் முயல வேண்டாம். கதிர்கோல் இழை உருவாகாமல் தடுத்துவிடுவதால், செல்கள் மெட்டாபேஸைத் தாண்ட முடியாமல் தேங்கி நிற்கும். குட்டையாகச் சுருங்கிய குரோமோசோம்கள் தனித்தனியே சிதறிக் கிடக்கும். ஒன்று, இரண்டு என்று பதினாறும் எண்ணிவிடலாம்.