முதல் சாரணர் முகாமா? சதுரக் கட்டு போடப் பழகிவிட்டுப் போங்கள்

பெரிய சாரணர் முகாம்களில் பல அணிகள் தங்கள் கூடாரத்துக்கு முன்னால் வாசல் கட்டுவது வழக்கம். ஆணி கிடையாது, கம்பும் கயிறும்தான். 1907இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் முதல் முகாமை நடத்தியபோதே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்துவிட்டார். சிங்கப்பூருக்கு 1910இல் இயக்கம் வந்த பிறகும் அணிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த அணியின் முகம் வாசல். அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது சதுரக் கட்டு, அதாவது குறுக்காக வைத்த இரண்டு கம்புகளைக் கயிற்றால் பிணைக்கும் முறை.

பழக வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. துணி காயப்போடும் மூங்கில் கம்புகள் இரண்டு போதும், அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நைலான் கயிறு வழுக்கும். சிசல் என்னும் கற்றாழை நார்க் கயிறு வாங்குங்கள். இரண்டு கம்புகளின் தடிமனையும் கூட்டி, அங்குலத்துக்கு 3 அடி கயிறு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் கம்பின் மேல் படுக்கைக் கம்பைக் குறுக்காக வையுங்கள். படுக்கைக் கம்புக்குச் சற்றுக் கீழே, நிற்கும் கம்பில் ஒரு கிளவ் ஹிட்ச் போடுங்கள் (கயிற்றைக் கம்பில் ஒரு முறை சுற்றி, அதன் மேல் குறுக்காக இன்னொரு முறை சுற்றி, முனையை அந்த இரண்டாம் சுற்றுக்கு அடியில் நுழைத்து இழுக்கும் முடிச்சு). மீந்த சிறுமுனையை நீளக் கயிற்றோடு முறுக்கி விடுங்கள்.

அடுத்தது சுற்று. கயிறு படுக்கைக் கம்பின் முன்னால் ஏறி, மேலே நிற்கும் கம்பின் பின்னால் போய், மறுபக்கம் படுக்கைக் கம்பின் முன்னால் இறங்கி, கீழே மறுபடி நிற்கும் கம்பின் பின்னால் வர வேண்டும். இது ஒரு சுற்று. மூன்று போடுங்கள். கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்துப் பக்கத்தில் படியட்டும்.

இப்போதுதான் முக்கியமான இடம். இரண்டு கம்புகளுக்கும் நடுவே கயிற்றை விட்டு, ஏற்கெனவே போட்ட சுற்றுகளையே சுற்றி இரண்டு முறை இறுக்குங்கள். காலை ஊன்றி, உடம்பின் எடையைக் கொடுத்து இழுங்கள். கயிறு கிறீச்சிட வேண்டும். பெரும்பாலான வாசல்கள் ஆடுவது இந்த இறுக்குச் சுற்றில் சோம்பல் பட்டதால்தான். அப்புறம் படுக்கைக் கம்பில் ஒரு கிளவ் ஹிட்ச் போட்டு முடியுங்கள். கம்பைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் தயங்காமல் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

வாசல் சாயாமல் இருக்கக் குறுக்கே மூலைக்கு மூலை கம்பு கொடுப்பார்கள். அவை ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும் இடத்தில் சதுரக் கட்டு உதவாது, மூலைவிட்டக் கட்டு வேண்டும். அதை அணித்தலைவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் மழையையும் கணக்கில் வையுங்கள். சிசல் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். சரிம்பூன் மாதிரி முகாம் இடத்தில் ராத்திரி மழையும் காலை வெயிலும் மாறி மாறி வந்தால் கட்டுகள் நெகிழ்ந்துவிடும், ஆகவே ஒவ்வொரு காலையும் எல்லாக் கட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். இடி கேட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கூரைக்குள் ஓடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் வாசலில் ஏறவே கூடாது.

அலங்காரம் உங்கள் அணியின் விருப்பம். தேக்கா சந்தையில் தென்னங்குருத்து கிடைத்தால் ஒரு தோரணம் பின்னிக் கட்டுங்கள். பக்கத்து அணிப் பிள்ளைகள் நின்று கேட்பார்கள், அவர்களுக்கும் பின்னச் சொல்லிக்கொடுங்கள். வெளிநாட்டுச் சாரணர் யாராவது வந்தால் இடக்கை கொடுத்து வரவேற்க வேண்டும், அது உலகெங்கும் சாரணர் முறை. மாற்றிக்கொள்ள உங்கள் குழுவின் பேட்ஜ்கள் சில சட்டைப்பையில் இருக்கட்டும்.

முகாம் முடியும் நாளில் கயிற்றை அறுக்காதீர்கள். முடிச்சை அவிழ்த்து, மண்ணைத் தட்டி, நிழலில் நன்றாகக் காயவைத்துச் சுருட்டுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும்.