பிரசவ அறையில் கூச்சமில்லாமல் இருக்க

காரைக்குடிப் பக்கம் பிரசவ வார்டிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற நர்ஸ் நான். பிள்ளைத்தாச்சிகள் என்னிடம் வலியைப் பற்றிக் கேட்பதைவிட, "துணி விலகிருமே அத்தை" என்று கேட்பதுதான் அதிகம். வலி வந்தபிறகு இதையெல்லாம் யோசிக்க முடியாது, ஒன்பதாம் மாதமே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

முதலில் துணி. அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இரண்டாகக் கிழித்துப் பையில் வையுங்கள். புதுச்சேலை மொடமொடக்கும், உடம்போடு ஒட்டாது. ஒரு பாதியை இடுப்பிலிருந்து பாதம்வரை போர்த்திக்கொள்ளலாம். சோதிக்கும்போது முழுக்க உருவ வேண்டியதில்லை; கீழ் ஓரத்தை முட்டிக்கு மேல் மடித்துவிட்டு, முடிந்ததும் இறக்கிவிட்டால் போதும். மறுபாதி, பால் கொடுக்கும்போது தோளுக்கு. நைட்டி முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். டிரிப்ஸ் ஏறுகிற கையோடு தலைவழியாகக் கழற்றுவது பெரும்பாடு.

அடுத்தது துணை. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதலே பிரசவத்தின்போது கூட ஒரு பெண் இருக்க வழி உண்டு. தனியாரில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெற்ற ஆத்தாதான் வர வேண்டும் என்றில்லை. மகள் முனகினால் தானும் அழுகிறவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளை பெற்ற, நிதானமான சின்னம்மாவை அழையுங்கள். அவர் நிற்க வேண்டியது தலைமாட்டில். திரைச்சீலையை இழுத்துவிடுவது, விலகிய துணியைச் சரிசெய்வது, போனில் யாரும் படம் எடுக்காமல் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

உள்ளே கைவிட்டுச் சோதிக்கும் முன், "எதுக்குப் பாக்குறீங்க டாக்டர்?" என்று கேட்கலாம். எல்லாம் சரியாகப் போனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எல்லாருக்கும் வழக்கமாகச் சவரம் செய்வதும் எனிமா கொடுப்பதும் தேவையில்லை என்கிறார்கள். ஆண் டாக்டர் என்றால் நர்ஸ் ஒருவர் கூடவே நிற்கச் சொல்லுங்கள். பயிற்சி மாணவர்கள் கூட்டமாக வந்தால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ரத்தப்போக்கு, குழந்தையின் நாடித்துடிப்பு குறைவது மாதிரி அவசரம் என்றால் மட்டும் திரை, துணி எல்லாம் அப்புறம். அவர்களை வேலை செய்யவிடுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் யாராவது திட்டினாலோ அடித்தாலோ 104-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பெரிய சோதனை. வளவு, அதாவது வீட்டு உள்முற்றம், நிறைய ஆச்சிகள் வந்து இறங்குவார்கள். காப்பியை முகப்பிலேயே கொடுத்து, பிள்ளையை அங்கேயே தூக்கிக்காட்டச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். "எத்தனை தையல்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.