வலியைப் பற்றி ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட் செய்யப்போகும் ஜூனியர்களுக்கு

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) குறுகிய கால மாணவர் ஆய்வுக்கு வலியைத் தலைப்பாக எடுக்கும் எம்பிபிஎஸ் பசங்க முதலில் எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் "இந்த மருந்தா, அந்த மருந்தா" என்கிற ஒப்பீடுதான். வேண்டாம். கையில் இருப்பது இரண்டு மாதம். மருந்து ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்கிற இந்திய ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும், ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டியும் துருவித் துருவிக் கேட்கும். பெயின் கிளினிக் வருகிறவர்களுக்கு எந்த மாதிரி வலி, அது தூக்கத்தை எவ்வளவு கெடுக்கிறது, எழுதிக்கொடுத்த மருந்தை வீட்டில் உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள், இவ்வளவு கேட்டாலே உருப்படியான ஆய்வு.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட வலி என்பார்கள், ஆள் சேர்க்கும்போது அதை மட்டும் கறாராகப் பாருங்கள். நரம்பு வலியைப் பிரித்தறிய டிஎன்4 என்கிற கேள்விப் பட்டியல் நல்ல கருவி: மொத்தம் 10 கேள்வி, 7 வாயால் கேட்பது, 3 தொட்டும் ஊசி முனையால் குத்தியும் பார்ப்பது, 4 அல்லது அதற்கு மேல் "ஆமா" வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். எரியுதா, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கா, மரத்துப்போகுதா என்றெல்லாம் அதில் வரும். தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஹாஸ்டலில் உட்கார்ந்து நீங்களே மொழிபெயர்த்துக்கொண்டு கிளம்பாதீர்கள், பின்னால் மாட்டுவீர்கள்.

0 முதல் 10 வரை எண் கேட்டால் வயதானவர்கள் பலர் "ரொம்ப வலிக்குதுப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவசரப்படுத்தாதீர்கள். வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் தாங்கவே முடியாது என்றால் 10 என்று இரண்டு முனையையும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

அப்புறம் ஒப்புதல் படிவம். பாலியேட்டிவ் ஓபியில், அதாவது கடும் நோயாளிகளின் வலியையும் அவதியையும் தணிக்கும் பிரிவில், பெரிய சிக்கலே இதுதான். "புற்றுநோயாளிகளின் வலி பற்றிய ஆய்வு" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த தாளை நீட்டுவீர்கள், பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் மகன் "சொல்லாதீங்க" என்று கையை ஆட்டுவார். அப்பாவுக்கு விஷயமே தெரியாது. தாளைக் கொடுக்கும் முன் சிகிச்சை தரும் டாக்டரிடம் கேளுங்கள், பிறகு நோயாளியிடமே "உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்கய்யா?" என்று ஆரம்பியுங்கள். தெரியாது என்றால் இப்போதைக்கு அவரைச் சேர்க்காதீர்கள், அதைச் சொல்வது உங்கள் வேலை இல்லை. பொய்த் தலைப்பு போட்டு கையெழுத்து வாங்குவதும் கூடாது, மகன் போடும் கையெழுத்தும் அவருடைய ஒப்புதல் ஆகாது.

நேரமும் முக்கியம். சென்னை ஜிஎச் மாதிரி இடத்துக்கு அரக்கோணம், திருத்தணியிலிருந்தெல்லாம் ரயிலில் வருவார்கள். மருந்து வாங்கிய கையோடு சென்ட்ரலுக்கு ஓடுகிறவரை நிறுத்தி அரை மணி நேரம் கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பார். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போதே பேசி முடியுங்கள்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் சாப்பிடுகிறவரிடம் இரண்டு கேள்வி கட்டாயம். சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும், அதனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, வலி வந்தால் மட்டும்தானா என்று கேளுங்கள். அடுத்தது மலச்சிக்கல். அநேகமாக எல்லாருக்கும் வரும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு ஆஸ்பத்திரிகளுக்கு லைசென்ஸ் தொல்லை குறைந்தது, ஆனாலும் வீட்டில் "இது கடைசி மருந்தாமே" என்கிற பயம் போகவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்டால் எண்களைவிட அதுதான் சுவாரசியமான தரவு.

ஒருவர் 9 என்கிறார், நீங்கள் படிவத்தில் 9 என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடக் கூடாது. 7 அல்லது அதற்கு மேல் யார் சொன்னாலும் அப்போதே டியூட்டி டாக்டரிடம் தெரிவிப்பேன் என்று ப்ரோட்டோகாலிலேயே (ஆய்வுத் திட்டம்) ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எப்படியும் எதிக்ஸ் கமிட்டியில் யாராவது அதைக் கேட்பார்கள்.