பழைய புல்லட் கிளம்பவில்லையா? எஞ்சினைப் பிரிக்காதீர்கள்

பழைய புல்லட் 350 ஒன்றை ஆசையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். கால் வலிக்க உதைத்தும் கிளம்பவில்லை. வேடிக்கை பார்க்க வருபவர்களில் ஒருவராவது, "போர் போய்விட்டது, எஞ்சினை இறக்கிவிடலாம்" என்பார். போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்; அது தேய்ந்துவிட்டது என்கிறார். தயவுசெய்து இறக்காதீர்கள். திருவொற்றியூரில் தலைமுறை தலைமுறையாகத் தயாரான இந்த 346 சிசி எஞ்சினுக்கு கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் அளவு, வெறும் 6.5:1தான். போர் ஓரளவு தேய்ந்திருந்தாலும் முனகிக்கொண்டாவது ஓடும். அறவே கிளம்பவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் வெளியே, மலிவான பாகம் ஒன்றில்தான் இருக்கும்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1984ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு. அதனிடம் கற்ற முதல் பாடம்: ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரைப் பாருங்கள். முன்விளக்குக்கு மேலே உள்ள அந்தச் சின்ன முள்தான் உங்கள் முதல் கருவி. விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். பாயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். இப்படி ஆடினால் பேட்டரியிலிருந்து, ஸ்பார்க்குக்கு மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில் வழியாகப் பாயின்ட் வரை மின்சாரம் வருகிறது என்று பொருள்.

முள் அசையவே இல்லையா? ஃபியூஸ், சாவி சுவிட்ச், பேட்டரி எர்த், பிறகு பாயின்ட் முகத்தில் படிந்த அழுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பாயின்ட் முகம் சாம்பல் பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, சுத்தமான துணியால் துடைத்தால் போதும். முள் மைனஸிலேயே நின்றுவிட்டால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். சோதனை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சாவி கிடந்தால் காயில் சூடேறிக் கெடும்.

அடுத்து பிளக். கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடலை ஹெட்டின் தகட்டில் அழுத்திவைத்து உதையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். நீலமாகச் 'சட்'டென்று வெட்டினால் நல்லது. மஞ்சளாக இழுத்தால் பாயின்ட்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

கண்டென்சரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை சாலையில் ஒரு மத்தியான வெயிலில் என் வண்டி நின்றது. புளியமர நிழலில் அரை மணி நேரம் ஆறியதும் ஒரே உதையில் கிளம்பியது. சிறிது தூரத்தில் மறுபடி நின்றது. வழியில் பார்த்த மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னார். நான் பாயின்ட் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பார்த்தேன்: பாயின்ட்டுகளுக்கிடையே வெளிச்சமாகப் பொறி பறந்துகொண்டிருந்தது. குளிரில் கிளம்பி, சூட்டில் நிற்பதும் அந்தப் பொறியும் சேர்ந்தால் கண்டென்சர்தான். புதிது மாட்டியதும் வீடு வரை நிற்கவில்லை.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோலுக்கு வாருங்கள். பலமுறை உதைத்தபின்னும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை: டேங்க் அடியிலுள்ள காக், குழாய், கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி என்று பாருங்கள். சோக்கில் மட்டும் ஓடி, விட்டதும் அணைந்தால் கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. சில கிலோமீட்டர் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் கிளம்பினால் மூடியின் காற்றுத் துளைதான் காரணம்.

கம்ப்ரஷனைக் கால் சொல்லும். டிகம்ப்ரஷரைத் தொடாமல் கிக்கர் மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் எடையைச் சிறிது நேரம் தாங்கி, பிறகு மெல்ல இறங்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் உடனே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் டிகம்ப்ரஷர் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் அதன் வால்வு முழுதாக மூடாது. பிறகு டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, வால்வுகளைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடுகளை விரலால் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலாவிட்டால் வால்வு மூடவில்லை. இவை இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பிளக் துளையில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். பிடிப்பு கூடினால் ரிங், போர். கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

கிளம்பிய வண்டி தெருவே மறையுமளவு நீலப் புகை கக்கினாலும் பதறாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற புல்லட்டில் ஆயில் தொட்டியிலிருந்து கிராங்க் கேஸுக்குள் கசிந்து தேங்கிவிடும். அது எரிந்து தீரும் வரை புகையத்தான் செய்யும். பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் நீலப் புகை வந்தால், அப்போது ஹெட்டைக் கழற்றலாம்.