செயல்திறன் பொறியியல் மாநாட்டில் எந்த அமர்வுகளுக்குச் செல்வது?

மென்பொருள் சிஸ்டங்களின் வேகத்தையும் சுமை தாங்கும் திறனையும் ஆராயும் செயல்திறன் பொறியியல் மாநாடுகளில் பல அரங்குகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள் நடப்பதால், எதையாவது விட்டுவிட்டுத்தான் இன்னொன்றுக்குப் போக வேண்டியிருக்கும். பெரும்பாலோர் நிகழ்ச்சி நிரலைக் கைப்பேசியில் திறந்து, கவர்ச்சியான தலைப்புகளுக்கும் பெயர் பெற்ற பேச்சாளர்களுக்கும் குறியிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நிரலைத் திறப்பதற்கு முன்பே, நம் பொறுப்பில் உள்ள சிஸ்டத்தில் இன்னும் விடை கிடைக்காத இரண்டு மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. "குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது, சிபியு 60 சதவீதத்தைக்கூடத் தொடாத நிலையில், ரெஸ்பான்ஸ் டைம் (பதில் வர ஆகும் நேரம்) மட்டும் மூன்று மடங்காவது ஏன்?" என்பது கேள்வி. இந்த அளவுக்குக் குறிப்பாக எழுதிவிட்டால், டேட்டாபேஸ் லாக் (ஒருவர் மாற்றும் தரவை மற்றவர் தொடாதபடி பூட்டுவது), கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளின் பொதுத் தொகுப்பு), ஜாவாவின் கார்பேஜ் கலெக்‌ஷன் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை), கன்டெய்னர்களுக்கு (தனித்தனியாகப் பிரித்து ஓட்டப்படும் மென்பொருள் தொகுப்புகளுக்கு) விதிக்கப்படும் சிபியு வரம்பு ஆகியவற்றைத் தொடும் அமர்வுகள் தாமாகவே பட்டியலில் மேலே வந்துவிடும். சிபியு வரம்பு என்றதும் சிலர் அலட்சியமாகக் கடந்துவிடுவார்கள். ஆனால் லினக்ஸ் அந்த ஒதுக்கீட்டை வழக்கமாக 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கணக்கிடுவதால், நிமிடச் சராசரி குறைவாகத் தெரியும்போதே ஒரு கன்டெய்னர் ஒதுக்கீடு தீர்ந்து பலமுறை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய அமர்வின் தலைப்பில் சம்பளக் கணக்கு என்ற பேச்சே இருக்காது என்பதால்தான் கேள்வி முதலில் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்து, மாநாட்டின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். கணினி அறிவியலாளர்களின் ஏசிஎம் அமைப்பும் செயல்திறன் அளவீடுகளை வகுக்கும் ஸ்பெக் அமைப்பும் இணைந்து 2010 முதல் நடத்திவரும் ஐசிபிஇ என்ற சர்வதேசச் செயல்திறன் பொறியியல் மாநாடு, 2019 ஏப்ரலில் மும்பையிலும் நடைபெற்றது. அங்கே துறை வல்லுநர்களின் மதிப்பீட்டைத் தாண்டி வந்த ஆய்வுக் கட்டுரைகளும், தொழில்துறையினரின் அனுபவக் கட்டுரைகளும் தனித்தனிப் பிரிவுகளாக இருக்கும். யூஸ்நிக்ஸ் என்ற கணினி வல்லுநர் அமைப்பின் எஸ்ஆர்இகான் மாநாடு நேரடிப் பயன்பாட்டில் உள்ள சிஸ்டங்களின் கோளாறுகளையும் அவற்றைச் சமாளித்த விதத்தையும் அதிகம் பேசும். மெயின்பிரேம் காலத்துக் கொள்ளளவுத் திட்டமிடலில் வேர்கொண்ட சிஎம்ஜி (கம்ப்யூட்டர் மெஷர்மென்ட் குரூப்) அமைப்பின் மாநாடு, எத்தனை சர்வர் வாங்குவது, எப்போது வாங்குவது என்பதைக் கணக்கிட வேண்டியவர்களுக்கு நெருக்கமானது. ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் அமர்வில் உடனடித் தீர்வை எதிர்பார்த்துப் போய் அமர்வதும், அனுபவப் பகிர்வில் கணித நிரூபணத்தைத் தேடுவதும் வீண் ஏமாற்றம்.

இனி, அமர்வின் சுருக்கக் குறிப்பை வாசிக்கும் கலைக்கு வருவோம். தேர்வின் முக்கால் பங்கு இதில்தான் முடிவாகிறது. "பத்து மடங்கு வேகம்" என்று ஒரு குறிப்பு சொன்னால், எந்த லோடில், எந்த ஹார்டுவேரில், எதோடு ஒப்பிட்டு, சராசரியிலா 99ஆம் பெர்சன்டைலிலா (நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிந்தனவோ அந்த அளவிலா) என்று கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்குக்கூட விடை இல்லாத எண், ஊர் பெயரைச் சொல்லாமல் கூறப்படும் மனை விலை போன்றது. மாறாக, "வினாடிக்கு 800 கோரிக்கைகள் வரை நன்றாக ஓடியது, அதற்கு மேல் சரிந்தது, காரணத்தை முதலில் தவறாகக் கணித்தோம்" என்று எழுதியிருக்கும் குறிப்பு, நடை சுமாராக இருந்தாலும், நம்பிப் போகத் தக்கது. எங்கே உடைந்தது என்று சொல்பவர் அளந்து பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

கிடைக்கும் எண்களைக் கொண்டு ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு குறிப்பில், 200 பயனர்களைக் கொண்டு லோடு டெஸ்ட் (செயற்கையாகச் சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்ததாகவும், சராசரி ரெஸ்பான்ஸ் டைம் 2 வினாடி, திங்க் டைம் (பதில் வந்தபின் அடுத்த கோரிக்கை வரை பயனர் எடுத்துக்கொள்ளும் நேரம்) 8 வினாடி என்றும், வினாடிக்கு 50 கோரிக்கைகள் நிறைவேறியதாகவும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பயனர் ஒரு சுற்றில் ஒரு கோரிக்கை மட்டுமே அனுப்புகிறார் என்றால், ஒரு சுற்று முடிய 10 வினாடி ஆகும்; 200ஐ 10ஆல் வகுத்தால் 20. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியின்படி (வீதத்தை ஒரு சுற்றின் நேரத்தால் பெருக்கினால் பயனர் எண்ணிக்கை வர வேண்டும்) 50 என்ற எண் வர வழியே இல்லை. ஒன்று, ஒரு சுற்றில் பல கோரிக்கைகள் போகின்றன என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அல்லது எண்களில் ஏதோ ஒன்று தவறு. அந்த அமர்வைத் தவிர்த்துவிடலாம், அல்லது இதே கேள்வியோடு போய் முன்வரிசையில் அமரலாம்; என் சாய்வு இரண்டாவதன் பக்கம்.

பெர்சன்டைல் எண்களைப் பெருமையாகக் காட்டும் அமர்வுகளில் இன்னொரு சோதனை உண்டு. லோடு டெஸ்ட் கருவி 10 மில்லிவிநாடிக்கு ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும். ஆனால் முந்தையதற்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் என்று கொள்வோம். சர்வர் ஒரு வினாடி முழுவதும் உறைந்து நின்றால், அந்த நேரத்தில் போயிருக்க வேண்டிய ஏறக்குறைய 100 கோரிக்கைகளும் காத்துக் கிடந்திருக்க வேண்டும்; கருவியோ தாமதமான ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் பதிவு செய்துவிட்டு மற்றவற்றை அனுப்பாமலே விட்டுவிடும். செயல்திறன் வல்லுநர் கில் டெனே தம் உரைகளின் வழியாகப் பரவலாக்கிய கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்ற பிழை இதுதான். லோடு டெஸ்ட் கருவியான ஜேமீட்டரில், பயனர்களைப் போல் கோரிக்கை அனுப்பும் வழக்கமான த்ரெட் குரூப் பதிலுக்குக் காத்திருக்கும் வகையைச் சேர்ந்தது. இன்னொரு லோடு டெஸ்ட் கருவியான கே6இல், பதில் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த வீதத்தில் கோரிக்கைகளைத் தொடங்கும் முறையும் இருக்கிறது. லோடு எந்த முறையில் அனுப்பப்பட்டது என்பதைக் குறிப்பிலேயே சொல்லும் பேச்சாளருக்குத் தயங்காமல் முன்னுரிமை தரலாம்.

ஏஐ மாடல்களின் வேகம் பற்றிய அமர்வுகள் இப்போது நிரலில் நிறைய இடம்பிடிக்கின்றன. அவற்றுக்கும் இதே அளவுகோல் போதும்: முதல் டோக்கன் (மாடல் உருவாக்கும் சொல் துணுக்கு) வர எவ்வளவு நேரம், அதன் பின் வினாடிக்கு எத்தனை டோக்கன், உள்ளீடும் வெளியீடும் எவ்வளவு நீளம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள். மொத்த டோக்கன் எண்ணிக்கையை மட்டும் சொன்னால், ஒரு தனிப் பயனர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது மறைந்துவிடும்.

நிறுவனங்கள் தம் கருவியை அறிமுகம் செய்யும் அமர்வுகளை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. அந்தக் கருவியை நாம் ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதை எழுதிய பொறியாளரிடமே கேள்வி கேட்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கலாம். பேசுபவர் பொறியாளரா விற்பனைப் பிரிவினரா என்பதை அறிமுகக் குறிப்பில் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டு நல்ல அமர்வுகள் ஒரே நேரத்தில் வந்தால், எது பின்னர் கிடைக்காதோ அதற்குப் போக வேண்டும். ஐசிபிஇ கட்டுரைகள் ஏசிஎம் மின்நூலகத்தில் வந்துவிடும். எஸ்ஆர்இகான் உரைகளின் காணொளிகளை யூஸ்நிக்ஸ் இலவசமாகவே வெளியிடுகிறது. ஆகவே பதிவு செய்யப்படும் உரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கலந்துரையாடல், செயல்முறைப் பயிற்சி, சிறு குழுவாக அமர்ந்து பேசும் பட்டறை ஆகியவற்றைப் பிறகு பார்க்க முடியாது. பயிற்சி அமர்வுகளுக்கு இடம் குறைவு என்பதால் அவற்றுக்கு முதலில் பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். என்ன முன்னறிவு தேவை, லேப்டாப்பில் எதை நிறுவிக்கொண்டு வர வேண்டும் என்று வாசித்து முந்தைய இரவே முடித்துவிடுவது அவசியம். மாநாட்டு அரங்கின் வைஃபையில் பெரிய ஃபைலை இறக்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால் பயிற்சியின் முதல் பாதி அதிலேயே கழிந்துவிடும்.

அலுவலகத்திலிருந்து இருவர் போவதானால், இருவரும் ஒரே அமர்வில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில் பயனில்லை. நிரலைப் பங்கிட்டுக்கொண்டு மாலையில் குறிப்புகளை மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர், நம் வேலைக்குச் சற்றுத் தள்ளிய ஓர் அமர்வையாவது பட்டியலில் சேர்க்கலாம்: டெஸ்டிங் செய்பவருக்கு வரிசைக் கோட்பாடு (கோரிக்கைகள் வரிசையில் காத்திருப்பதை ஆராயும் கணிதம்), டெவலப்பருக்குக் கொள்ளளவுத் திட்டமிடல். காலை முதல் மாலை வரை இடைவெளியின்றி நிரப்பவும் கூடாது. நல்ல அமர்வு முடிந்த பின் பேச்சாளரைச் சுற்றி நின்று பலர் கேட்கும் கேள்விகளில், மேடையில் சொல்லாத விவரங்கள் வெளிவரும். அடுத்த அரங்குக்கு ஓட வேண்டியிருந்தால் அதை இழந்துவிடுவோம்.

ஒவ்வொரு நேரத்துக்கும் மாற்று அமர்வு ஒன்றையும் குறித்துவைத்துக்கொண்டு, வாசலுக்கு அருகில் உட்காரலாம். பத்து நிமிடம் கழிந்தும் திரையில் நிறுவனத்தின் வரலாறும் வாடிக்கையாளர்களின் லோகோக்களுமே ஓடிக்கொண்டிருந்தால், ஓசையின்றி எழுந்து அடுத்த அரங்குக்குப் போய்விடலாம்; மாநாடுகளில் இதை யாரும் அவமரியாதையாகக் கருதுவதில்லை. முதல் நாள் இரவு, எழுதிவைத்த கேள்விகளை எடுத்துப் பார்த்து, எதற்காவது விடை கிடைத்திருந்தால் அதை அடித்துவிட்டு, மீதமுள்ளவற்றைக் கொண்டு இரண்டாம் நாள் நிரலை மறுபடி குறியிட வேண்டும்.