நாலு நாள் ஊருக்குப் போனாலும் செடி வாடாம இருக்க, மாடியில சொட்டுநீர் போடுற விதம்

போன சித்திரையில திருப்பூர்ல ஒரு கல்யாணம், நாலு நாள் வீட்ட பூட்டிட்டுப் போயிட்டோம், திரும்பி வந்து மாடிக் கதவத் தொறந்தா தக்காளி மொத்தமும் கருவாடு மாதிரி சுருண்டு கெடக்குது. சேலத்து வெயிலப் பத்தி உங்களுக்கே தெரியும், மொட்டைமாடித் தளம் கொதிக்கும்போது ஒரு க்ரோ பேக்கு (செடி வளக்கற பை) ஒரு நாள்கூட தாங்காது. அன்னைக்கே முடிவு பண்ணி, 40 பைக்கும் டைமர் வெச்சு சொட்டுநீர் போட்டேன். அதுல கத்துக்கிட்டத எழுதுறேன்.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி உங்க டேங்க் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு பாருங்க, இதுதான் முக்கியம். தண்ணி 10 மீட்டர் உயரத்துல நின்னாத்தான் ஒரு பார் பிரஷர் கெடைக்கும், பார்ங்கறது அழுத்தத்த அளக்கற அலகு. மாடியில அஞ்சடி ஸ்டாண்டு மேல இருக்கற டேங்க்ல இருந்து அதே மாடிச் செடிக்கு இறக்கினா 0.15 பார்தான் வரும். இது தெரியாம நான் மொதல்ல சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால தொறக்கற வால்வு) டைமர் வாங்கிட்டேன், கடையில "எல்லா டேங்குக்கும் ஆகும்"னு சொல்லித்தான் குடுத்தாங்க, காலையில டக்குனு சத்தம் மட்டும் வருது, தண்ணி சொட்டு வரல. அந்த மாதிரி டைமருக்கு பைப்புல அழுத்தம் இருந்தாத்தான் வால்வு ஒழுங்கா தொறக்கும், நிறைய மாடல்ல குறைஞ்சபட்சம் அரை பார் வேணும்னு அட்டையிலயே போட்டிருக்கும். அதனால ஓவர்ஹெட் டேங்க்னா பால் வால்வு (உள்ள ஓட்டை போட்ட உருண்டை திரும்பித் தொறக்கற வால்வு) டைமர் கேட்டு வாங்குங்க, அட்டையில 0 பார்ல இருந்து வேலை செய்யும்னு இருக்கணும். தண்ணிய சொட்டா விடற டிரிப்பர்லயும் பிரஷர் காம்பென்சேட்டிங்னு, அதாவது அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவா விடறதுன்னு வர்றது வேண்டாம், அதுக்கும் அழுத்தம் வேணும், சாதா 4 லிட்டர் டிரிப்பர் இல்லன்னா திருகிக் கூட்டிக் குறைக்கறது போதும்.

மத்த சாமான்லாம் விவசாயிகளுக்கு சொட்டுநீர் சாமான் விக்கற கடையிலயே கெடைக்கும். 16 எம்எம் கறுப்பு பைப், அதுல இருந்து ஒவ்வொரு பைக்கும் தண்ணி கொண்டுபோற 4 எம்எம் மைக்ரோ டியூப், டீ (மூணு பக்க ஜாயிண்ட்டு), எல்போ (மூலை ஜாயிண்ட்டு), ஓட்டை போடற பஞ்ச், ஒரு ஸ்கிரீன் ஃபில்டர். மைக்ரோ டியூப்பும் கறுப்பாவே வாங்குங்க, வெளிச்சம் ஊடுருவுற டியூப்ல பாசி பிடிச்சுரும். டேங்க் குழாய், அடுத்து ஃபில்டர், அதுக்கப்பறம் டைமர், அப்பறம் 16 எம்எம் பைப், இந்த வரிசை மாறக்கூடாது. பைப்ப அரைமணி நேரம் வெயில்ல போட்டு வெச்சீங்கன்னா இளகி, ஜாயிண்ட்டு சுளுவா ஏறும்.

பைப்ப நீளமா ஒரே கோடா இழுத்து கடைசில மூடிட்டா அழுத்தம் கம்மியா இருக்கற நம்ம மாதிரி வீட்ல கடைசிப் பைக்கு தண்ணி சரியா போகாது. சுத்தி வளைச்சுக் கொண்டாந்து ஆரம்பிச்ச எடத்துலயே ஒரு டீ போட்டு சேத்துருங்க, ரெண்டு பக்கமும் இருந்து தண்ணி வர்றதால ஓரளவு சமமா ஆகும். டேங்குக்கு எதிர்க்கோடியில இன்னொரு டீ போட்டு ஒரு சின்ன குழாய் வைங்க, மாசம் ஒருதடவ அதத் தொறந்துவிட்டா உள்ள சேந்த மண்ணு வெளிய வந்துரும். பைப்பு மட்டமா ஓடணும், பள்ளத்துல இருக்கற டிரிப்பர்ல டைமர் நின்னதுக்கப்பறமும் பைப்புல மிச்சமிருக்கற தண்ணி எல்லாம் வடிஞ்சு அந்த ஒரு செடி மட்டும் அழுகிப்போகும்.

மாட்டி முடிச்சதும் டம்ளர் எடுத்துக்கங்க. 4 லிட்டர் டிரிப்பர் கணக்குக்கு மணிக்கு 4 லிட்டர் விடணும், அப்ப 3 நிமிஷத்துல 200 மில்லி, ஒரு டம்ளர். எங்க வீட்ல கத்திரிக்காய்க்குக் கீழ வெச்ச டம்ளர்ல 3 நிமிஷத்துக்கு அரை டம்ளர்கூட சேரல, அட்டையில போட்ட அளவு நல்ல அழுத்தத்துக்குத்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது. டேங்க் பாதியா இறங்கிட்டா இன்னும் குறையும், அதனால பாதி டேங்க்ல ஒருக்கா அளந்து அதுக்குத் தகுந்த மாதிரி நிமிஷத்த வைங்க. வெயில் காலத்துல நான் பைக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர், காலையில அஞ்சரை, சாயங்காலம் ஆறுன்னு ரெண்டு வேளை வெச்சிருக்கேன், 40 பைக்கு நாளைக்கு 80 லிட்டர், 500 லிட்டர் டேங்க் ஆறு நாளைக்கு வரும். மத்தியானம் மட்டும் வைக்காதீங்க, கறுப்பு பைப்புல நிக்கற தண்ணி சுடுதண்ணியா வேர்ல இறங்கும்.

கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) கலந்த மண்ணு ஒருதடவ நல்லா காஞ்சுட்டா தண்ணிய ஏத்துக்காது, டிரிப்பர் சொட்டு ஒரே ஓட்டையா இறங்கி அடிவழியா ஓடிரும், மேல பாத்தா ஈரமா இருக்கும், உள்ள வேரு காஞ்சு கெடக்கும். மொத நாள் கையால ரெண்டு மூணு தடவ நனைச்சுட்டு அப்பறம் டிரிப்பர் போடுங்க. தண்டுல ஒட்டி வைக்காம நாலு விரக்கட தள்ளி வெச்சு, மேல காஞ்ச சருகு போட்டு மூடுங்க.

அடுத்து நம்ம ஊரு உப்புத்தண்ணி. வெள்ளக்கல்பட்டிப் பக்கம் போனா மலையே வெள்ளையா தெரியும் பாருங்க, அத்தனையும் மேக்னசைட்டுங்கற வெள்ளைக்கல்லு, எங்க போர்த்தண்ணியும் உப்பு அதிகமான கடினத்தண்ணிதான். ரெண்டே மாசத்துல டிரிப்பர் வாயில சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா பூத்துக்கும், அதக் குச்சிவெச்சுக் குத்தினா ஓட்டை பெருசாயிரும், அப்படிப் பண்ணாதீங்க, கழட்டி ஒரு ராத்திரி வினிகர்ல ஊறப்போட்டு அலசினா கரைஞ்சுரும். மேட்டூர் தண்ணி வர்ற வீடுன்னா அதையே தோட்டத்து டேங்குக்கு விடுங்க. அதே உப்பு பை மண்ணுலயும் சேரும், சொட்டுச் சொட்டா விடறப்ப கீழ இறங்காது, மாசம் ஒருக்கா வாளியால அடிவழியா ஓடற அளவுக்கு ஊத்திருங்க.

டைமர் மேல வெயில் படாம பழைய கேன வெட்டிக் கவுத்து வைங்க. நிறைய டைமர்ல மழை பட்டன் இருக்கும், மழை நாள்ல அத அமுக்கினா ஒண்ணு ரெண்டு நாள் நிறுத்தி வெக்கும், ஏற்காட்ல எங்க அத்தை வீட்ல ஐப்பசி கார்த்திகைக்கு டைமரயே கழட்டி உள்ள வெச்சிருவாங்க, மழையும் பனியுமே செடிக்குப் போதும்.

ஊருக்குக் கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே புது பேட்டரி போட்டு, கையால ஒரு வாளிகூட ஊத்தாம டைமர மட்டும் நம்பி விட்டுப் பாருங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒவ்வொரு பைலயும் விரல விட்டுப் பாத்து, எது காஞ்சிருக்கோ அந்த டிரிப்பர மாத்திட்டு, டேங்க ரொப்பிட்டுக் கெளம்புங்க.